எட்டு மாதப் பயணத்துக்கு எதையெல்லாம் எடுத்துப் போவது?

உங்கள் கேள்வி சுருக்கமாக இதுதான்: எட்டு மாதம், ஏழெட்டு நாடுகள், வெயிலும் குளிரும் மாறி மாறி வரும். 70 லிட்டர் முதுகுப்பை வாங்கியாகிவிட்டது. பட்டியலில் 84 பொருள் இருக்கிறது, இன்னும் என்ன விட்டுப்போயிருக்கிறது? அப்புறம் கடைசி வரியில், கூடாரமும் ஸ்லீப்பிங் பேக்கும் எடுத்துக்கொள்ளலாமா?

விட்டுப்போனவை சில இருக்கின்றன, சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்தப் பையைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். என் முதல் நீண்ட பயணத்தில் நானும் அப்படியொரு பையோடுதான் கிளம்பினேன். பை பெரிதாக இருந்தால் அதைக் காலியாக விட யாருக்கும் மனசு வராது. நிரப்பி முடித்தபோது 18 கிலோ. மூன்றாவது வாரம், லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் அறை கிடைத்தது. நான்காவது மாடியிலேயே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அன்றிரவு பையைக் கட்டிலில் கொட்டி, வந்ததிலிருந்து ஒரு தடவைகூடத் தொடாததை எல்லாம் தனியே எடுத்து வைத்தேன். பாதிக் கட்டில் நிறைந்துவிட்டது.

எட்டு மாதம் என்றதும் எட்டு மாதத்துக்கான சாமான் வேண்டும் என்று மனசு கணக்குப் போடும். ஒரு வாரத்தைத் தாண்டினால் எந்தப் பயணத்துக்கும் மூட்டை ஒரே அளவுதான். துணி அழுக்கானால் துவைக்கிறோம், சோப்பு தீர்ந்தால் வாங்குகிறோம், குளிர் வந்தால் அங்கேயே ஒரு ஸ்வெட்டர் வாங்கி, கிளம்பும்போது யாருக்காவது கொடுத்துவிட்டுப் போகிறோம். அதனால் ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, "இது இல்லாமல் மாட்டிக்கொண்டால், போன இடத்தில் அரை நாளில் கிடைக்குமா?" என்று கேளுங்கள். கிடைக்கும் என்றால் வீட்டில் கிடக்கட்டும். உங்கள் 84 பொருளில் முக்கால்வாசி இந்த ஒரு கேள்வியிலேயே விழுந்துவிடும். மிச்சத்துக்கு 40 லிட்டர் பை தாராளம். பல விமான நிறுவனங்கள் கையில் கொண்டுபோக விடும் அளவு கிட்டத்தட்ட 55 × 40 × 20 செ.மீ., எடை 7 முதல் 10 கிலோ. நன்றாகத் தைத்த 40 லிட்டர் பை இதற்குள் அடங்கும். மேலே மட்டும் திறக்கும் பை வேண்டாம், பெட்டி மாதிரி முழுசாகத் திறக்கிற ஜிப் உள்ளதாகப் பாருங்கள். இடுப்புப் பட்டை கட்டாயம்.

சரி, அரை நாளில் கிடைக்காதவை எவை? முதலாவது உங்கள் பட்டியலிலேயே இல்லை: உங்கள் கணக்குகளுக்குள் நுழையும் வழி.

ஒரு படகில் ஏறும்போது என் போன் தண்ணீரில் விழுந்தது. இரண்டு மணி நேரத்தில் புதுப் போன் வாங்கிவிட்டேன், அதில் ஒன்றும் சிரமமில்லை. மின்னஞ்சலைத் திறக்கப் போனால், உங்கள் எண்ணுக்குக் குறியீடு அனுப்பியிருக்கிறோம் என்கிறது. அந்த எண் கடலுக்கடியில் இருக்கிறது. வங்கிச் செயலியும் அதே எண்ணுக்குத்தான் ஓடிபி அனுப்பும். தங்குமிட முன்பதிவு, விமான டிக்கெட், விசா நகல் எல்லாமே அந்த மின்னஞ்சலுக்குள். நாலு நாள் கையிலிருந்த பணத்தை எண்ணி எண்ணிச் செலவழித்தேன். அதிலிருந்து எந்தப் பயணத்துக்கும் மூன்று காரியம் செய்யாமல் கிளம்புவதில்லை. போன் இல்லாதபோதும் உள்ளே நுழைய மின்னஞ்சல் கணக்கு தரும் அவசரக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டு, பாஸ்போர்ட்டோடு வைக்காமல் வேறொரு இடத்தில் வைக்கிறேன். பழைய போன் ஒன்றில் இருந்ததை எல்லாம் அழித்து, முக்கியமான கணக்குகளில் நுழைந்த நிலையில் பையின் அடியில் போட்டுவைக்கிறேன். மாதம் ஒரு தடவை சார்ஜ் செய்தால் போதும். சொந்த ஊர் சிம்மை ரீசார்ஜ் செய்து, வெளிநாட்டில் குறுஞ்செய்தி வரும்படி ரோமிங்கைத் திறந்துவைக்கிறேன். இணையத்துக்கு மட்டும் இசிம் (போனுக்குள்ளேயே பதிந்துகொள்ளும் சிம்) அல்லது அந்தந்த நாட்டு சிம். சில மாதம் ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண்ணே கையைவிட்டுப் போகலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணமும் இதே கணக்குதான். இரண்டு வெவ்வேறு வங்கிகளின் இரண்டு கார்டு, முடிந்தால் ஒன்று விசா, ஒன்று மாஸ்டர்கார்டு. ஒன்று பர்ஸில், மற்றது பையில். இரண்டையும் ஒரே பர்ஸில் வைத்தால் ஒரு கார்டு வைத்திருப்பதற்குச் சமம். கொஞ்சம் டாலரோ யூரோவோ ரொக்கமாக இருக்கட்டும், நோட்டுகள் புதிதாக இருக்க வேண்டும். கிழிசலோ பேனாக் கிறுக்கலோ இருந்தால் பல நாடுகளில் பணம் மாற்றுமிடத்தில் கண்ணை மூடிக்கொண்டு திருப்பித் தள்ளுவார்கள். சட்டைக்குள் கட்டும் பண பெல்ட் எனக்குப் பிடிக்காது. வியர்வையில் நோட்டு ஊறிப்போவதோடு, நடுத்தெருவில் வயிற்றைத் திறந்து பணம் எடுத்தால் எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது.

பாஸ்போர்ட்டில் காலாவதித் தேதியைத் திரும்பும் நாளோடு ஒப்பிட்டால் போதாது. நிறைய நாடுகள் நுழையும் நாளிலிருந்து இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கின்றன. எட்டாவது மாதம் நுழையப்போகும் நாட்டுக்கு கிளம்பும் நாளில் உங்களுக்குப் பதினாலு மாதம் மிச்சம் வேண்டும். வெற்றுப் பக்கங்களையும் எண்ணிவிடுங்கள். விசாவுக்கான புகைப்படம் பெரும்பாலும் 35 × 45 மி.மீ.; அமெரிக்கா கேட்பது இரண்டு அங்குலச் சதுரம். முதலாவதில் ஒரு எட்டுப் பிரதி எடுத்து வையுங்கள், எல்லைச் சாவடியில் அவசரத்துக்கு உதவும். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் மஞ்சள் காய்ச்சல் பகுதிகள் வழியாகப் போவதாக இருந்தால், அந்தத் தடுப்பூசிச் சான்றிதழ் போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் செல்லும். அதனால் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போட வேண்டாம். பத்து வருடத்துக்கு ஒரு முறை மறுபடி போட வேண்டும் என்ற விதி 2016 ஜூலையோடு போய்விட்டது, இப்போது ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் போதும்.

மருந்தில்தான் ஆட்கள் அதிகம் சறுக்குகிறார்கள். கடையில் கிடைக்காதா என்று நினைப்போம். கிடைக்கும், வேறு பெயரில். நமக்கெல்லாம் தெரிந்த பாராசிட்டமாலை அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அசிட்டமினோஃபென் என்பார்கள். ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால் அமெரிக்காவில் அல்பியூட்டரால். அதனால் நிறுவனம் வைத்த பெயரை விட்டுவிட்டு, மருந்தின் வேதிப் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இன்னொரு சிக்கல், ஒரு நாட்டில் சளிக்குச் சாதாரணமாகத் தருவது இன்னொரு நாட்டில் தடை. சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள மருந்தை ஜப்பானுக்குள் கொண்டுபோகக் கூடாது. கவனக் குறைபாட்டுக்குத் தரும் ஆம்ஃபெட்டமின் மாத்திரையை மருத்துவர் சீட்டு இருந்தாலும் அங்கே விட மாட்டார்கள். வலிக்கும் இருமலுக்கும் தரும் கோடீன் கலந்த மருந்துக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். மாத்திரைகளைக் கழற்றி அழகான சின்ன டப்பாவில் அடுக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் கொண்டுபோங்கள். சரக்கில் போடும் பையில் தினசரி மருந்தை ஒருபோதும் வைக்காதீர்கள்.

வழக்கமான மருந்துகளுக்கு மேலே நான் எடுப்பது கொஞ்சம்தான்: ஓஆர்எஸ் பொட்டலம் ஆறு, பாராசிட்டமால், அலர்ஜி மாத்திரை, பிளாஸ்திரி, கிருமிநாசினிக் களிம்பு, வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோப்பரமைடு ஒரு அட்டை. இந்தக் கடைசி மாத்திரை பத்து மணி நேரப் பேருந்துப் பயணத்தைத் தாக்குப்பிடிப்பதற்கு. காய்ச்சலோ மலத்தில் ரத்தமோ இருந்தால் அதைத் தொடக்கூடாது, மருத்துவரிடம்தான் போக வேண்டும். ஓஆர்எஸ் கையில் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தட்டையாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. நடுராத்திரி மூன்று மணிக்கு அதை அளக்கத் தெம்பு இருக்காது என்பதால்தான் பொட்டலம். மூக்குக்கண்ணாடி போடுபவர் என்றால் இன்னொரு கண்ணாடியும், பவர் எழுதிய சீட்டின் படமும் அவசியம். மாதவிடாய் உள்ளவர்களுக்கு, எட்டு மாதத்துக்கு நாப்கின் எடுத்துப்போகவோ வாங்கவோ தேவையில்லாமல் செய்வது, உள்ளே வைத்துக் கழுவிக் கழுவிப் பயன்படுத்தும் மென்ஸ்ட்ருவல் கப். 12 மணி நேரம் வரை வைத்திருக்கலாம். கிளம்புவதற்கு முன் இரண்டு மூன்று மாதம் வீட்டில் பழகிக்கொள்ளட்டும், முதல் முயற்சியை ரயில் கழிப்பறையில் செய்ய வேண்டாம்.

மின்சாரச் சாமான் சுருக்கமாக. அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, உலகின் பெரும்பகுதியில் 220 முதல் 240. உங்கள் சார்ஜரில் பொடி எழுத்தில் 100-240 என்று போட்டிருந்தால் எங்கேயும் ஓடும், போன், லேப்டாப் சார்ஜர்கள் அநேகமாக எல்லாமே அப்படித்தான். பட்டியலில் இருக்கும் ஹேர் டிரையரையும் பயண இஸ்திரிப் பெட்டியையும் அடித்துவிடுங்கள். இரண்டு மூன்று துளையுள்ள 65 வாட் யூஎஸ்பி-சி சார்ஜர் ஒன்று இருந்தால் லேப்டாப், போன் எல்லாவற்றுக்கும் அதுவே போதும். அதோடு நீளமான கேபிள் ஒன்று, குறைந்தது இரண்டு மீட்டர். பயணிகள் பலர் சேர்ந்து தங்கும் ஹாஸ்டல் அறைகளில் பிளக் எப்போதும் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில்தான் இருக்கும், ஏன் என்று தெரியவில்லை.

பவர் பேங்க் கையில் எடுத்துப்போகும் பையில்தான் இருக்க வேண்டும், சரக்கில் போடக்கூடாது. 100 வாட்-மணி வரை கேள்வி இல்லை, அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். மேலே போட்டிருக்கும் மில்லிஆம்பியர்-மணியை (mAh) 3.7 ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் கணக்கு வந்துவிடும்: 20,000 என்று போட்டது 74 வாட்-மணி, 27,000 கிட்டத்தட்ட 100. எண் அழிந்துபோன பவர் பேங்க்கைப் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவைத்துக்கொள்ளலாம், வாதாடிப் பயனில்லை. சில விமான நிறுவனங்கள் பறக்கும்போது அதைப் பயன்படுத்தவே விடுவதில்லை.

இப்போது துணி. உங்கள் பட்டியலில் பன்னிரண்டு சட்டை இருக்கிறது. நாலு போதும். இரண்டு பேன்ட், ஐந்து உள்ளாடை, மூன்று ஜோடி சாக்ஸ், மெல்லிய ஃப்ளீஸ் (மெத்தென்ற குளிர்ச்சட்டை) ஒன்று, தண்ணீர் புகாத மெல்லிய மேல்கோட்டு ஒன்று, தூங்க ஒரு செட். தடித்த குளிர்கோட்டு ஒன்றைச் சுமப்பதைவிட சட்டை, ஃப்ளீஸ், மேல்கோட்டு என்று அடுக்கி உடுத்தினால் அடுக்குகளுக்கு இடையில் நிற்கும் காற்றே குளிரைத் தடுத்துவிடும். ஜீன்ஸ் வேண்டாம், ஒரு தடவை நனைந்தால் இரண்டு நாள் ஈரம். மெரினோ கம்பளிச் சட்டை விலை கூடுதல்தான், ஆனால் அது தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் நனைந்த மாதிரி இருக்காது, நாலைந்து நாள் போட்டாலும் நாற்றம் பிடிக்காது. இரண்டு வாங்கினால் போதும், எல்லாமே அதில் வேண்டும் என்பதில்லை.

நாலு சட்டையில் எட்டு மாதம் ஓட்ட முடியுமா என்பது துவைக்கும் முறையில் இருக்கிறது. அதற்குத் தேவை தட்டையான ரப்பர் மூடி ஒன்று. உள்ளங்கை அளவில் வட்டமாக இருக்கும், எந்த வாஷ்பேசின் துளை மேலும் ஒட்டிக்கொள்ளும். இரவு குளிக்கப் போகும் முன் துளையை மூடி, சட்டையைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். குளித்துவிட்டு வந்து கழுத்துப்பட்டையையும் அக்குளையும் மட்டும் கசக்கி, இரண்டு தடவை அலசிப் பிழியுங்கள். இதோடு நிறுத்திக் காயப்போட்டால் காலையில் ஈரமாகத்தான் இருக்கும். உலர்ந்த துண்டைக் கட்டிலில் விரித்து, அதன் மேல் சட்டையைப் பரப்பி, இரண்டையும் சேர்த்துப் பாய் மாதிரி இறுக்கிச் சுருட்டி, மேலே முழங்காலை ஊன்றி ஏறி ஏறி அழுத்துங்கள். பிரிக்கும்போது துண்டு நனைந்திருக்கும், சட்டை தொட்டால் சிலுசிலுவென்று இருக்குமே தவிரச் சொட்டாது. மெல்லிய துணி விடிவதற்குள் காய்ந்துவிடும். குளியலறைக்குள் கட்டாதீர்கள், உங்கள் குளியலின் ஆவியே அதைக் காயவிடாது. அறையில் ஃபேனோ ஏசியோ அடிக்கும் பக்கம் கட்டுங்கள். முறுக்கிய ரப்பர்க் கொடி கிடைக்கிறது, முறுக்குக்கு நடுவில் துணியைச் செருகிவிட்டால் கிளிப் வேண்டாம்.

துண்டு என்றதும் எல்லாரும் மைக்ரோஃபைபரைச் சொல்வார்கள். சீக்கிரம் காயும், உண்மைதான். ஆனால் ஈர உடம்பில் பிளாஸ்டிக் தாள் மாதிரி ஒட்டி ஒட்டி இழுக்கும். எனக்கு மெல்லிய பருத்தித் துண்டுதான். அதுவும் வேகமாகக் காய்கிறது, வழிபாட்டு இடங்களில் தோளை மூடிக்கொள்ளலாம், ஹாஸ்டலில் கீழ்க்கட்டில் கிடைத்தால் மேல்கட்டிலில் செருகித் திரையாகத் தொங்கவிடலாம். சோப்பும் ஷாம்புவும் கட்டியாக எடுத்துக்கொண்டால் விமானத்தில் திரவத்துக்கு 2006-இல் வந்த 100 மில்லி கட்டுப்பாடு உங்களைத் தொடாது. காலணி இரண்டு ஜோடிக்கு மேல் கூடாது: பழகிய ஷூ ஒன்று, பொதுக் குளியலறைக்கும் கடற்கரைக்கும் சேர்த்து ஒரு செருப்பு. கனமானது எப்போதும் காலில் இருக்கட்டும்.

மூன்று வருடம் கழித்தும் என் பையில் மாறாமல் இருப்பவை எல்லாம் சின்னச் சின்னப் பொருள்தான். முதலிடம் சத்தத்தைத் தடுக்கக் காதில் அடைக்கும், நுரையால் ஆன இயர் பிளக். நிறையப் பேர் அதைக் காதுக்கு வெளியே ஒட்டவைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்கிறார்கள். விரலால் உருட்டி ஊசி மாதிரி மெலிதாக்கி, மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, உள்ளே விட்டு, அது உப்பும்வரை அரை நிமிடம் விரலை எடுக்காமல் வைத்திருக்க வேண்டும். எட்டுப் பேர் அறையில் இதற்கு ஈடான பொருள் கிடையாது. அப்புறம் நெற்றியில் கட்டும் டார்ச், சிவப்பு வெளிச்சமும் உள்ளதாக. விடியற்காலைப் பேருந்துக்குக் கிளம்புகிறவர் வெள்ளை டார்ச்சோடு பை அடுக்கினால் அறையே எழுந்து திட்டும். லாக்கருக்கு எண் பூட்டு, மெல்லிய வளையம் உள்ளது, தடித்தது பல லாக்கர் துளையில் நுழையாது. பெரிய குப்பைப் பை ஒன்றை முதுகுப்பைக்கு உள்ளே விரித்து அதற்குள் துணி அடுக்குங்கள், வெளியே போர்த்தும் மழை உறையைவிட இது நம்பகம். உறைக்கும் முதுகுக்கும் நடுவில் தண்ணீர் இறங்கிவிடும். ஊக்கு ஆறு, ஊசி ஒன்று, பல் இடுக்கு நூல் ஒரு சுருள். அறுந்த பைப் பட்டையை அந்த நூலால் தைத்தேன், இன்னும் விடவில்லை. டக்ட் டேப்பை (அகலமான துணி ஒட்டுநாடா) முழுச் சுருளாக எடுக்காமல் பழைய பிளாஸ்டிக் கார்டு ஒன்றில் இரண்டு மீட்டர் சுற்றிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் வடிகட்டி எல்லா நாட்டுக்கும் தேவையில்லை. மலைப்பாதையில் நடக்கப்போகிறீர்கள் என்றால் மட்டும். 0.1 மைக்ரான் குழல் வடிகட்டி பாக்டீரியாவையும் ஒட்டுண்ணிகளையும் நிறுத்தும், வைரஸை நிறுத்தாது. ஒரு தடவை அதற்குள் நீர் உறைந்தால் குழல்கள் வெடித்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது; குளிர் ராத்திரியில் அதை உங்களோடு போர்வைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.

கழுத்துத் தலையணை, ட்ரைபாட், மூன்று புத்தகம், பயணச் செஸ் பலகை இவையெல்லாம் உங்கள் இஷ்டம். செஸ் பலகையை மட்டும் நானாக இருந்தால் பையிலேயே விட்டுவைப்பேன். மழை நாளில் அறிமுகமில்லாதவர்களை மேசைக்கு இழுத்து வரும்.

கடைசிக் கேள்வி, கூடாரம். உங்கள் இரவுகளில் மூன்றில் ஒன்றாவது வெட்டவெளியில் கழியப்போகிறது என்றால் எடுங்கள். நாலைந்து இரவு மலையேற்றத்துக்கு மட்டும் என்றால் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். ஸ்லீப்பிங் பேக்குக்குப் பதில் பட்டில் தைத்த உள்ளுறை ஒன்று, ஒரு 150 கிராம்தான் வரும். படுக்கை விரிப்பு சந்தேகமாக இருக்கும் அறையில் அதற்குள் நுழைந்துகொள்ளலாம், வாடகை ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளும் அதைப் போட்டுக்கொள்ளலாம். எப்படியும் கூடாரத்தோடுதான் போவேன் என்றால், ஆஸ்திரேலியாவோ நியூசிலாந்தோ உங்கள் வழியில் இருக்கிறதா என்று பாருங்கள். பயன்படுத்திய கூடாரத்தையும் மண் ஒட்டிய ஷூவையும் அங்கே நுழைவுப் படிவத்தில் எழுதிக் காட்ட வேண்டும். விமானத்துக்கு முந்தின நாளே கூடாரத்தை விரித்து உதறி, தரையில் அடிக்கும் முளைக்கம்பிகளைக் கழுவி, ஷூவின் அடியில் உள்ள பள்ளங்களைப் பழைய பல் துலக்கியால் தேய்த்துவிடுங்கள். மறைத்து மாட்டினால் அபராதம் பெரிது. சுத்தமாகக் கொண்டுபோய் எழுதிக் காட்டினால் அநேகமாகப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள்.